யார் செய்தது என்பதோடு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்

ஜேர்மன் போர்க்காலச் சின்னங்களை விற்கும் ஏல நிறுவனத்தாருக்கும், அவற்றுக்குச் சான்று எழுதும் மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

நான் ஜேர்மனியின் சௌவர்லாந்துப் பகுதியில், லூடன்ஷைட் நகருக்கு அருகில் வாழும் ஈழத்தமிழன். முப்பது ஆண்டுகளாக உலோகத் தகடுகளை அடிக்கும் அச்சுகளை வெட்டுவதே என் தொழில். ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் அதை எந்த அச்சு அடித்தது, அடிக்கும்போது அந்த அச்சு எவ்வளவு தேய்ந்திருந்தது என்று பார்ப்பது எனக்கு அன்றாட வேலையாகிவிட்டது. அந்தப் பழக்கந்தான் என்னை இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் இராணுவச் சின்னங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அவற்றை அணிந்த படைமீது எனக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒரே வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு லூடன்ஷைட், ஃபோர்ட்ஸ்ஹைம், பெர்லின், வியன்னா, இன்று செக் நாட்டில் இருக்கும் காப்லொன்ஸ் ஆகிய ஊர்களின் பட்டறைகள் அதை எவ்வாறு ஒன்றுக்கொன்று வேறாக வெட்டின என்பதைக் காண்பதிலேயே என் ஆர்வம் முழுவதும் இருக்கிறது.

இம்மடலின் ஜேர்மன் வடிவத்தை உங்களுள் சிலருக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், உங்கள் ஏலங்களில் விலை கேட்கும் தமிழ் இளைஞர்கள் சிலர் வாங்கிய பிறகே என்னிடம் படம் அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள் என்பது. வாங்குவதற்கு முன் அவர்கள் உங்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்களுள் ஒருவரிடம் ஒரு காலாட்படைத் தாக்குதல் சின்னத்தை வாங்கினேன். 1939 டிசம்பர் 20 அன்று நிறுவப்பட்டதும், மூன்று வெவ்வேறு நாள்களில் மூன்று தாக்குதல்களில் முன்வரிசையில் நின்றவர்களுக்கு வழங்கப்பட்டதுமான சின்னம் அது. ஓக் இலை வளையம், அதன் உச்சியில் கழுகு, குறுக்கே கத்தி செருகிய துப்பாக்கி. நான் வாங்கியதன் பின்புறத்தில் செய்தவரைக் காட்டும் முத்திரை எதுவும் இல்லை. ஆயினும் பட்டியலில் லூடன்ஷைட்டின் பெயர்பெற்ற பட்டறை ஒன்றின் பெயர் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருந்தது; அதையே சொல்லும் சான்றிதழும் உடன் வந்தது. வீட்டில் அதே பட்டறையின் முத்திரை உள்ள ஒன்றை அருகில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, துப்பாக்கியின் வார் வளையும் விதமும் இடப்பக்கத்து இலைகளின் நரம்புகளும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை அல்ல என்பதை எந்த அச்சுத் தொழிலாளியும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

பொருள் போலியல்ல. போர்க்காலத்தில் வேறொரு பட்டறை செய்த நல்ல சின்னந்தான் அது. அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பட்டியலில் இருந்த பெயரை நீக்குங்கள் என்று மட்டும் படங்களோடு எழுதினேன். சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டதால் மாற்ற இயலாது என்ற பதில் வந்தது. சில மாதங்கள் கழித்து அதே அச்சில் பிறந்த இன்னொரு சின்னம் வேறொரு நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. அதே பட்டறைப் பெயர். ஆதாரமாக முதல் நிறுவனத்தின் பட்டியல். பிழை ஒன்று இவ்வாறுதான் சான்றாக வளர்கிறது. என் குறை பொருளைப் பற்றியதன்று, அந்த ஒரு வரியைப் பற்றியது.

பின்புறத்தில் எழுத்து இருக்கும் சின்னங்களிலும் நிலைமை பல வேளைகளில் சீராக இல்லை, ஏனெனில் அங்கே இருக்கும் எழுத்தெல்லாம் செய்தவர் பெயராக இருப்பதில்லை. 1941இல் நிறுவப்பட்ட கடற்படைப் போர்க்கப்பல் சின்னத்தின் பின்புறத்தில் ‘ஃபெக். அடோல்ஃப் பொக், அவுஸ்ஃப். ஷ்வெரின் பெர்லின்’ என்று பொறித்திருப்பதைக் காணலாம். அடோல்ஃப் பொக் கடற்காட்சிகள் வரைந்த ஓவியர். ‘ஃபெக்.’ என்னும் இலத்தீன் சுருக்கம் வடிவமைத்தவரையும், ‘அவுஸ்ஃப்.’ என்னும் ஜேர்மன் சுருக்கம் செய்து கொடுத்த பட்டறையையும் குறிக்கின்றன. உங்கள் பட்டியல்களில் ‘செய்தவர்: அடோல்ஃப் பொக்’ என்று நான் படித்திருக்கிறேன். ஓவியர் உயிரோடு இருந்தால் தமக்கு ஓர் அழுத்தும் இயந்திரம் இருந்ததை அறிந்து வியந்திருப்பார். 1942 நவம்பர் 25 அன்று நிறுவப்பட்ட, கைக்கெட்டும் தூரத்துச் சண்டைக்கான நெருங்குசமர்ப் பட்டையிலும் இதே நிலைதான். அதில் பீக்ஹவுஸ் என்ற பெயர் வடிவமைப்பாளருடையது. அதை அடுத்து வரும் ‘ஏ.ஜி.எம்.உ.கே. காப்லொன்ஸ்’ என்பதே செய்த இடத்தைச் சொல்வது. அதுவும் தனி ஒருவரின் பட்டறை அன்று, உலோக, நெகிழித் தொழிலினர் சேர்ந்த ஒரு கூட்டுழைப்பு அமைப்பின் பெயர்ச் சுருக்கம். எனவே அங்கே ‘செய்தவர்’ என்ற சொல்லே சற்றுத் தளர்ந்துவிடுகிறது.

எண்களும் ஏமாற்றும். நீர்மூழ்கிக் கப்பல் சின்னங்களில் காணப்படும் ‘ஷ்வெரின் பெர்லின் 68’ என்ற முத்திரையின் 68, தயாரிப்பாளர் எண் அன்று. தென்மேற்கு 68 என்பது பெர்லின் நகரின் பழைய அஞ்சல் வட்டம்; சின்னங்கள் செய்த இன்னொரு பட்டறையான யுங்கரும் அதே வட்டத்தில்தான் இருந்தது. ‘கெஸ். கெஷ்.’ என்றிருந்தால் வடிவம் சட்டப்படி காக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். இவற்றைத் தயாரிப்பாளர் குறியீட்டு அட்டவணையில் தேடி, அருகில் வரும் பெயரை எழுதிவிடுவதை நிறுத்துங்கள்.

உண்மையான எண்களுக்கு இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று, அரசு நேரடியாக வழங்கிய விருதுகளுக்காக அதிபர் அலுவலகம் பட்டறைகளுக்குக் கொடுத்தது. மற்றொன்று, கடைகளில் தனிவிற்பனைக்கு வந்தவற்றில் இடும்படி, 1941 முதல் ஜேர்மன் பதக்கத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு கொடுத்த ‘எல்’ வரிசை. லூடன்ஷைட்டின் ஷ்டைன்ஹவர் உண்ட் லூக் முதல் வரிசையில் 4, இரண்டாவதில் எல்/16. பெர்லினின் ஸி. இ. யுங்கர் 2, எல்/12. வில்ஹெல்ம் டோய்மர் 3, எல்/11. ஆகவே ஒரு வரிசையின் எண்ணை மற்ற வரிசையின் அட்டவணையில் தேடக் கூடாது. காயப்பட்டோர் சின்னத்தில் வரும் 30 வியன்னாவின் தலைமை நாணயச்சாலையைக் குறிக்கும். 65 என்பது இடார்-ஓபர்ஷ்டைனின் கிளைன் உண்ட் குவென்ட்ஸரைக் குறிக்கும். ‘எல்’ எண் உள்ள ஒன்றை ‘1940ஆம் ஆண்டின் தொடக்ககாலப் படி’ என்று விற்பதும் பொருந்தாது. அந்த எண் அப்போது பிறக்கவே இல்லை.

இவையெல்லாம் எளிய பகுதி. அட்டவணையைச் சரியாகப் படித்தால் தீர்ந்துவிடும். முத்திரை இல்லாத சின்னங்களே ஏராளமாக உள்ளன, அங்கேதான் உங்கள் பட்டியல்கள் மிகுந்த துணிச்சலோடு பேசுகின்றன. முத்திரையற்ற சின்னத்தைப் பட்டறையோடு இணைக்க நம்பத்தக்க வழி என ஒன்றையே நான் அறிவேன்: முத்திரை உள்ள உடன்பிறப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டும் ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை எனக் காட்டுவது.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டறையில் முதலில் உருவாவது, உருவம் புடைத்து நிற்கும் தாய் அச்சு. அதை எஃகுக் கட்டியில் அழுத்தி, உருவம் குழிந்திருக்கும் வேலை அச்சுகளை எடுப்பார்கள். தாய் ஒன்று, பிள்ளைகள் பல. தாயில் வெட்டிய இலை நரம்பு எல்லாப் பிள்ளைகளிலும் வரும். ஆனால் ஒரு பிள்ளை அச்சில் பின்னர் விழுந்த விரிசல் அந்த அச்சில் அடித்த துண்டுகளில் மட்டுமே வரும். அச்சில் பள்ளமாக இருக்கும் விரிசல் சின்னத்தில் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். அடிக்க அடிக்க அது நீளும், அகலும், கிளை விடும். எனவே கோடு குட்டையாக இருக்கும் சின்னம் முந்தியது, நீண்டிருப்பது பிந்தியது என்று வரிசைப்படுத்தவும் முடியும். ஷ்டைன்ஹவர் உண்ட் லூக் செய்த வீரச்சிலுவை என்னும் உயர் விருதுகளைச் சேகரிப்போர் ஏ அச்சு, பி அச்சு என்று பிரித்ததும், அவற்றுள் எவை போருக்குப் பின்னர் அடிக்கப்பட்டவை என்று இத்தனை காலம் வாதிட்டதும், விளிம்பு மணிவரிசையில் உள்ள இத்தகைய தழும்புகளை வைத்துத்தான்.

ஆகையால் ‘அச்சு ஒத்திருக்கிறது’ என்று எழுதுபவர் எது ஒத்திருக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டவர். தாயிலிருந்து வந்த பொது உருவம் ஒத்திருந்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் ஆகும். பிள்ளை அச்சின் தழும்பு ஒத்திருந்தால்தான் ஒரே வயிறு. அப்போதும் அச்சு கைமாறியிருக்கலாம், ஒரு பட்டறை அடித்ததை இன்னொன்று வாங்கித் தன் முத்திரையிட்டு விற்றிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். துத்தநாகத்தை அழுத்தி வார்த்த சின்னங்களில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். ஒரே வார்ப்பச்சில் பல குழிகள் வெட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஒரே நொடியில் பிறந்த இரு சின்னங்கள்கூடத் தழும்பில் வேறுபடும்.

தழும்பு ஒத்திருப்பது பொருள் உண்மையானது என்பதற்கு முழுச் சான்றும் ஆகாது. உண்மையான சின்னத்திலிருந்து மாதிரி எடுத்து வார்த்த போலியில் அந்தத் தழும்பும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி மூலத்தைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும், விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கும், பள்ளங்களில் காற்றுக் குமிழியின் சுவடு தெரியும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. துல்லியமான அளவுகோலும் தராசும் போதும். நீங்களோ நீளத்தையும் அகலத்தையும் முழு மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிடுகிறீர்கள், அல்லது எழுதுவதே இல்லை. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளந்து, கிராமில் எடையையும் எழுதுவதற்கு ஒரு சின்னத்துக்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

எடை வேறு வகையிலும் பேசும். போரின் தொடக்கத்தில் பெரும்பாலும் பயன்பட்டது டொம்பாக் எனப்படும் செம்பு மிகுந்த கலவை. செம்பு ஆயுத உற்பத்திக்குத் தேவைப்பட்டதால் பின்னர் துத்தநாகம் அந்த இடத்தைப் பிடித்தது. துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.1 கிராம், டொம்பாக்குடையது எட்டரைக்கு மேல். துத்தநாகத்தில் வெள்ளி முலாம் நெடுநாள் நிற்பதில்லை. சாம்பல் நிறம் மேலேறிவிடும். எனவே துத்தநாகச் சின்னம் ஒன்று எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பளபளவென்று இருந்தால் அதை ‘அரிய நிலை’ என்று புகழ்வதற்கு முன் ஒரு முறை ஐயப்பட்டுப் பார்ப்பது நல்லது.

கீல், ஊசி, கொக்கி ஆகியவற்றை வைத்துப் பட்டறையைச் சொல்லும் வழக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அவை நல்ல துணைச் சான்றுகள். தனிச் சான்றுகள் அல்ல. பொத்தானுக்கும் உலோகச் சிறுபொருளுக்கும் பெயர்போன இந்த லூடன்ஷைட் வட்டாரத்தில் ஒருவர் ஊசியை மட்டும் செய்து பத்துப் பேருக்கு விற்பது இன்றும் இயல்பு. ஒரே வகைக் கீல் இரண்டு சின்னங்களில் இருப்பதால் இரண்டும் ஒரே பட்டறை என்பது, ஒரே கடையில் பூட்டு வாங்கியதால் இரு வீடுகளையும் ஒரே கொத்தனார் கட்டினார் என்பதற்குச் சமம். விமானப்படையின் விமானி சின்னத்தில் இதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. அதில் கழுகும் வளையமும் தனித்தனித் துண்டுகள். இரண்டையும் தறையாணி கொண்டு இணைத்திருப்பார்கள். வளையத்தைப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழுகைப் பாராமல் பட்டறைப் பெயர் எழுதினால், பின்னாளில் யாரோ சேர்த்துவைத்த கலப்பு மணத்துக்கு நீங்கள் சான்று கொடுத்தவர் ஆவீர்கள். ஆணித்தலையையும் பற்றாசு வைத்த இடத்தையும் அருகிலிருந்து படம் எடுத்துப் போடுங்கள்.

போருக்குப் பின்னர் அடிக்கப்பட்டவற்றைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. மேற்கு ஜேர்மனியின் 1957 ஜூலை 26 நாளிட்ட பட்டம், விருது தொடர்பான சட்டம், பழைய போர்ச் சின்னங்களைக் கொக்கிச் சிலுவை (நாசிகளின் ஸ்வஸ்திகா) இல்லாத வடிவில் மட்டும் அணிய இடமளித்தது. ஷ்டைன்ஹவர் உண்ட் லூக் உள்ளிட்ட பட்டறைகள் அந்தப் புதிய வடிவங்களை அடித்தன. அவற்றைப் பார்த்ததும் அடையாளம் காணலாம். தலைவலி தருபவை பழைய வடிவிலேயே, பழைய கருவிகளின் துணையோடு பின்னாளில் அடிக்கப்பட்டவை. வியன்னாவின் ருடோல்ஃப் சூவால் பட்டறை போருக்குப் பின்னும் அத்தகையவற்றைச் செய்தது சேகரிப்போர் அனைவரும் அறிந்தது. அங்கே பட்டறைப் பெயர் சரியாக இருக்கும், ஆண்டு தவறாக இருக்கும். ‘சூவால், வியன்னா’ என்று எழுதிவிட்டுக் காலத்தைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது பொய் சொன்னதாக ஆகாது என்பது உங்கள் கணக்காக இருக்கலாம். வாங்குபவர் அந்த மௌனத்துக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

இனிப் படங்கள். நாசி அடையாளங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கும் ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு இருப்பதால் பட்டியலில் கொக்கிச் சிலுவையை மறைக்கிறீர்கள். அது முறையானது, அதைக் குறைத்துக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சிறு அடையாளத்தை மறைக்க ஒட்டும் வில்லை, கழுகின் கால்களையும் சிறகின் கீழ்வரிசை இறகுகளையும் வளையத்தின் உச்சி இலைகளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அச்சை அச்சிலிருந்து பிரிக்கும் குறிகளுள் பாதி அங்கேதான் இருக்கின்றன. மறைப்பை அந்த அடையாளத்தின் அளவுக்கே வெட்டுங்கள். பின்புறத்திலோ மறைக்க வேண்டியது ஏதும் இல்லை. எந்தச் சட்டமும் ஒரு கீலைத் தடை செய்யவில்லை. அப்படியிருந்தும் முன்புறத்துக்கு ஐந்து படமும் பின்புறத்துக்கு நிழலடித்த ஒரே படமும் வருவது ஏன்?

சான்று எழுதுவோருக்கும் தனியே ஒரு வேண்டுகோள். சின்னத்தை விற்பவரே சான்றும் எழுதுவது, அல்லது விற்ற விலையில் பங்கு பெறுபவர் எழுதுவது, உங்களுக்குப் பழகிப்போனதாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவதில்லை. அதைச் சட்டென்று மாற்ற முடியாவிட்டாலும், சான்றின் அடிப்படையையாவது எழுதலாம். முத்திரையைப் படித்துச் சொன்னதா, முத்திரை உள்ள எந்தச் சின்னத்தோடு எந்தத் தழும்பை ஒப்பிட்டுச் சொன்னதா, கீலையும் கொக்கியையும் பார்த்து ஊகித்ததா, அல்லது முந்தைய பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்ததா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘பட்டறை தெரியவில்லை’ என்று எழுதுவதில் இழிவு ஒன்றுமில்லை. ஃபோர்ட்ஸ்ஹைம் நகர மையம் 1945 பெப்ரவரி 23 அன்று ஒரே இரவின் குண்டுவீச்சில் அழிந்தது. காப்லொன்ஸின் ஜேர்மன் கைவினைஞர்கள் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் பலர் பவேரியாவின் கவுஃப்பொய்ரனில் புதுக்காப்லொன்ஸ் என்ற குடியிருப்பை அமைத்துத் தொழிலை மீண்டும் தொடங்கினார்கள். இத்தகைய ஊர்களின் பட்டறைக் கணக்கேடுகள் முழுமையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏடு இல்லாத இடத்தில் உலோகம் மட்டுமே சாட்சி, அந்தச் சாட்சியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிடுகிறீர்கள்.

பட்டியல் நடையைப் பற்றியும் ஒரு சொல். ‘அஞ்சாத வீரனின் மார்பில் மின்னியது’ போன்ற தொடர்களை எழுதும் நேரத்தில் எடையை எழுதலாம். அந்தச் சின்னம் எந்தப் படையின் மார்பில் இருந்தது, அந்தப் படை எங்கெல்லாம் போனது என்பது வாங்குபவருக்குத் தெரியும். உடன் வரும் விருதுச் சான்றோ படைவீரர் கையேடோ இருந்தால் அதன் படத்தைப் போடுங்கள். பெயருக்குரியவரின் பணிப் பதிவைச் சரிபார்க்க விரும்புவோர், 2019 முதல் கூட்டாட்சிக் காப்பகத்தின் பகுதியாகிவிட்ட பெர்லின் பழைய படைப்பதிவு அலுவலகத்தின் ஆவணங்களை நாடலாம் என்றும் குறிப்பிடுங்கள். தாளில் உள்ள பெயர் சின்னத்தின் பட்டறையைச் சொல்லாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனெனில் தாளையும் சின்னத்தையும் பின்னாளில் ஒன்றாகச் சேர்ப்பது மிக எளிது.

நான் மேலே குறிப்பிட்ட காலாட்படைச் சின்னம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடை, அளவு, பின்புறம், இடப்பக்கத்து இலைகள், துப்பாக்கி வாரின் வளைவு என்று பன்னிரண்டு படங்கள் எடுத்து, முத்திரை உள்ளதன் பன்னிரண்டு படங்களோடு இணையாக அடுக்கி வைத்திருக்கிறேன். விற்ற நிறுவனத்தார் இம்மடலைப் படித்தால் தம்மை அறிந்துகொள்வார்கள். சான்றிதழைத் திரும்பப் பெற அவர்கள் விரும்பாவிட்டால் வேண்டாம், அவர்களுடைய பழைய ஏலங்களின் பதிவில் அந்தப் பட்டறைப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியையும், ‘முத்திரை இல்லை, அச்சு ஒப்பீடு செய்யப்படவில்லை’ என்ற நான்கைந்து சொற்களையும் சேர்த்தால் போதும். படங்களை எந்தக் கட்டணமும் இன்றி அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
சௌவர்லாந்திலிருந்து ஓர் அச்சுத் தொழிலாளி